ஆங்கிலம் கற்கும் காது: இணையம் தரும் உதவி

தமிழ்வழியில் படிக்கும் மாணவர் ஒருவரின் ஆங்கிலப் பாடநூலை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பல பக்கங்களில் ஆங்கில வரிகளுக்கு மேல் பென்சிலால் சிறுசிறு தமிழ் எழுத்துகள் எழுதப்பட்டிருக்கும். ஆசிரியர் படிக்கக் கேட்டு, மறந்துவிடக் கூடாதே என்று அவசர அவசரமாகக் குறித்துக் கொண்டவை அவை. ஓரிடத்தில் ஒரு சொல்லின் மேல் 'கோட்' என்று இருக்கும். நாலு பக்கம் தள்ளி வேறொரு சொல்லின் மேலும் அதே 'கோட்' இருக்கும். ஒன்று வழக்கறிஞர் அணியும் மேலாடை. மற்றொன்று இரும்பை ஏரிக்கரையில் மேயும் ஆடு!

இரும்பை, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை அடுத்துள்ள சிற்றூர். சம்பந்தர் பாடிய தலம். அங்கிருந்து வடக்கே கடற்கரையோடு சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். இந்தப் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் வேதியியல் படித்த ஒரு மாணவி, திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ கல்லூரியில் சேருகிறாள் என்று வைத்துக் கொள்வோம். முதல் வாரம் உவர்நீர் ஆவியாகி உப்புப் படிகமாவதைப் பற்றிய பாடம். சிறு வயதிலிருந்து கண்ணால் கண்ட செய்திதான். ஆனால் விரிவுரையாளர் சொல்லும் 'பிரைன்' என்ற சொல் அவள் காதில் 'பிரெயின்' என்று விழுகிறது. உவர்நீருக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று அவள் திகைத்து நிற்பதற்குள் பாடம் பாதி முடிந்துவிடுகிறது. அவளுக்கு வேதியியல் நன்றாகவே தெரியும். இப்படி முதல் பருவத்திலேயே மனம் தளர்ந்து போகிறவர்கள் உண்டு என்பதால்தான் இந்தச் செய்தியைச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

இன்று கைப்பேசி இருந்தால் ஆங்கிலம் கற்பிக்கும் இணையத்தளங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. எதைத் தொடுவது, எதை விடுவது? மொழி கற்கும்போது காதும் நினைவும் எப்படி வேலை செய்கின்றன என்று அறிந்து கொண்டால் இந்தக் கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும்.

பென்சில் செய்யும் பிழை

தமிழ் நெடுங்கணக்கு தமிழுக்கு மிகச் சிக்கனமாக அமைந்த ஒன்று. 'கல்', 'பங்கு', 'பகல்' ஆகிய மூன்றையும் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றே; ஒலி மூன்று. சொல்லின் முதலில் வந்தால் ஓர் ஒலி, மெல்லினத்தை அடுத்து வந்தால் வேறு, இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் இன்னொன்று. வரும் இடமே ஒலியைச் சொல்லிவிடுவதால் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் அப்படியில்லை. சொல்லின் முதலிலேயே வல்லொலியும் வரும், அதற்கு இணையான அதிர்வொலியும் வரும்; ஒன்றை மாற்றினால் பொருளே மாறிவிடும். ஆடும் மேலாடையும் இவ்வாறுதான் வேறுபடுகின்றன. ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் தமிழில் எழுத முயன்று பாருங்கள். இரண்டும் 'பி' என்றே வரும்!

பேச்சுத் தமிழர் நாக்குக்கு இந்த ஒலிகள் புதியவை அல்ல. 'பஸ்' என்ற சொல்லை எவரும் 'பல்' என்பதிலுள்ள பகரத்தால் தொடங்குவதில்லை. எனவே குறை நாக்கில் இல்லை. காது ஒருமுறை சரியாகக் கேட்டதைப் பென்சில் அழித்து விடுகிறது. மறுநாள் மாணவர் படிப்பது ஆங்கிலத்தை அன்று, தம் கையெழுத்தை.

ஒரு எளிய சோதனை செய்து பார்க்கலாம். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு அருகே தொங்கவிட்டு 'பல்' என்று சொல்லுங்கள். காகிதம் அசையாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் எழுதுகோலைக் குறிக்கும் 'பென்' என்ற சொல்லைச் சொன்னால் காகிதம் படபடக்கும். உதடு திறந்த பிறகு குரல் நாண்கள் அதிரத் தொடங்குவதற்குள் ஒரு மூச்சுக் காற்று வெளியேறுவதே காரணம். லீ லிஸ்கர், ஆர்தர் ஏப்ராம்சன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்த இடைவெளியைப் பதினொரு மொழிகளில் அளந்து 1964இல் வெளியிட்டார்கள். அவற்றுள் தமிழும் ஒன்று என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆங்கிலச் சொல்முதல் பகரத்தில் இந்த இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 58 மில்லிநொடி. தமிழ்ப் பகரத்தில் ஏறத்தாழ 12 மில்லிநொடிதான். ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு ஆங்கிலக் காது ஒலிகளைப் பிரிப்பதால்தான், நாம் 'பென்' என்று சொல்வது சில வேளை அவர்களுக்கு அதிர்வொலியாகக் கேட்கிறது.

இதற்காக நாம் இலண்டன்காரரைப் போல மூச்சுவிட்டுப் பேசிப் பழக வேண்டும் என்பதில்லை. இந்திய ஆங்கிலம் உலகெங்கும் புரிந்து கொள்ளப்படுகிறது. பிறர் பேசுவதைக் கேட்டுப் புரிந்து கொள்ளும் காதுதான் முதல் தேவை.

காது எப்போது பூட்டிக் கொள்கிறது?

1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் ஒரு புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார்கள். இந்தி மொழியில் உள்ள 'த', 'ட' ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு ஒலிக்கச் செய்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டையும் வேறுபடுத்தி அறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளிலோ மிகச் சிலவே அறிந்தன. 'தட்டு' என்று சொல்லும் நம் வீட்டுக் குழந்தைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆங்கிலக் குழந்தைக்கு ஓராண்டுக்குள் அந்தக் கதவு சாத்தப்பட்டு விடுகிறது. தாய்மொழிக்கு வேண்டாத வேறுபாடுகளை மூளை ஒதுக்கி வைக்கிறது. இது எல்லா மொழியினருக்கும் பொது. ஆங்கில ஒலிகள் நமக்குப் பிடிபடவில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாத்திய கதவு பூட்டப்பட்டதா என்றால், இல்லை. ஜப்பானியருக்கு ரகர லகர வேறுபாடு பெருந்தொல்லை. லோகன், லைவ்லி, பிசோனி என்போர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறு குழுவினருக்கு மூன்று வாரம் இச்சொல் இணைகளைக் கேட்கச் செய்து, சரியா தவறா என்று உடனுக்குடன் சொன்னார்கள். அவர்கள் காது தேறியது. ஒரே குரலைப் பயன்படுத்தாமல் பல பேருடைய குரல்களைப் பயன்படுத்தியதே இம்முறையின் சிறப்பு. 1997இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் வியப்பானது. பேச்சுப் பயிற்சி எதுவும் தராமல் கேட்கும் பயிற்சி மட்டுமே தந்தும், அவர்களுடைய உச்சரிப்பும் திருந்தியிருந்தது. காது வழிகாட்ட நாக்கு பின்னால் சென்றது! ஏட்டைப் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுத் தேவாரம் கற்கும் ஓதுவார் மரபுக்கு இது புதுச் செய்தியாகத் தோன்றாது.

பல குரல், உடனடித் திருத்தம். இவ்விரண்டும் முப்பது மாணவரைக் கொண்ட வகுப்பில் ஓர் ஆசிரியரால் தர இயலாதவை. இணையத்தால் எளிதில் தரக்கூடியவை. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு, லாங்மன் ஆகிய மாணவர் அகராதிகள் மூன்றும் இணையத்தில் இலவசமாக உள்ளன. ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் சிறிய ஒலிபெருக்கிப் படம் இருக்கும். தொட்டால் பிரிட்டிஷ் குரலிலும் அமெரிக்கக் குரலிலும் சொல் ஒலிக்கும். 'ஃபோர்வோ' என்ற தளத்தில் பல நாட்டு மக்கள் தாமே பேசிப் பதிந்த உச்சரிப்புகள் உள்ளன. 'யூகிளிஷ்' என்ற தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால், யூடியூப் காணொளிகளில் அச்சொல் பேசப்படும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறது. ஒரே சொல்லைப் பத்துப் பேர் வாயிலாகக் கேட்கலாம். பென்சிலைக் கையில் எடுப்பதற்கு முன் இந்தப் படத்தைத் தொடும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அகராதியில் ஒலிக்குறியீட்டின் இடையே மேலே ஒரு சிறு கோடு இருப்பதையும் கவனியுங்கள். அதை அடுத்து வரும் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசைக்கு அழுத்தம். 'ஃபோட்டோகிராஃபி' என்பதில் இரண்டாம் அசைக்கு. அழுத்தம் இல்லாத அசைகள் தேய்ந்து ஒலிக்கும். நாம் எல்லா அசைகளையும் முழுமையாக ஒலிப்பவர்கள். எழுத்தில் நன்கு தெரிந்த சொல்கூடப் பேச்சில் அடையாளம் தெரியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

எத்தனை சொற்கள் வேண்டும்?

இக்கேள்வியை முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் மைக்கேல் வெஸ்ட். அன்றைய வங்காளத்தில் டாக்காவில் பணியாற்றிய கல்வியாளர். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியலை அவர் 1953இல் வெளியிட்டார். அதைப் புதுக்கி 2013இல் வெளியான பட்டியலில் ஏறத்தாழ 2800 சொற்கள் உள்ளன. பொதுவான ஆங்கில நூல்களில் வரும் சொற்களில் 92 விழுக்காடு இதற்குள் அடங்கும் என்கிறார்கள். பட்டியல் இணையத்தில் இலவசம்.

92 விழுக்காடு என்றதும் மகிழ்ந்துவிட வேண்டாம். நூற்றுக்கு எட்டுச் சொல் தெரியாது என்றால் ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல் தடுக்கும். அந்தச் சொல்தான் பெரும்பாலும் பாடத்தின் உயிர்ச்சொல்லாகவும் இருக்கும். துணையின்றிப் படித்துப் புரிந்து கொள்ள 98 விழுக்காடு சொற்களேனும் தெரிய வேண்டும் என்று 2000இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட், கல்லூரி நூல்களில் துறை வேறுபாடின்றி அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். கல்லூரிப் பாடநூல்களில் பத்தில் ஒரு பங்கு இவை. கல்லூரிக்குச் செல்லவிருக்கும் தமிழ்வழி மாணவர் கோடை விடுமுறையில் எதையேனும் ஒன்றைப் படிக்க வேண்டுமானால், முதலில் இந்தப் பட்டியலைத்தான் சொல்வேன்.

பொருள் பார்க்க ஆங்கில மாணவர் அகராதியுடன் தமிழ் அகராதியும் வேண்டும். அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் உருவான சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். அறுபதுகளில் வந்த அகராதி. புதிய சொற்கள் இருக்காது. ஆனாலும் ஒரு சொல்லின் பல பொருள்களை அது பிரித்துக் காட்டும் அழகு, கைப்பேசியின் தானியங்கி மொழிபெயர்ப்பில் இல்லை.

கையருகே உள்ள புதையல்

எல்லாவற்றிலும் சிறந்த ஆங்கிலப் பயிற்சி நூல் எது என்று என்னைக் கேட்டால், ஆங்கிலம் கற்பிக்க எழுதப்படாத ஒரு நூலைத்தான் காட்டுவேன். தமிழ்நாட்டு அரசின் அறிவியல் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி என இரண்டு வடிவங்களில் வருகின்றன. பாடம் ஒன்றே, படங்கள் ஒன்றே. இரண்டையும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். 2018 முதல் வந்த புதிய நூல்களில் விரைவுக் குறியீட்டுக் கட்டங்களும் உள்ளன. கைப்பேசியால் படித்தால் காணொளிகள் திறக்கும்.

தமிழில் ஏற்கெனவே படித்துத் தேறிய ஒரு பாடத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஆங்கில நூலில் அதே பக்கத்தைத் திறவுங்கள். பொருள் தெரிந்திருப்பதால் மனம் பதறாது. சொல்லை மட்டும் கவனிக்கலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. பாத்தியில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணக் கார்பனேட்டு, அடுத்து ஜிப்சம், நீர் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது கறியுப்பு என்று வரிசையாகப் படிகின்றன. கடைசியில் கசக்கும் மக்னீசிய உப்புகள் நீரிலேயே தங்கி விடுகின்றன. மரக்காணம் பகுதி மாணவருக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. எனவே 'பிரைன்', 'எவாபரேஷன்', 'கிரிஸ்டல்' ஆகிய சொற்கள் தம் பொருளைத் தாமே சொல்லிக் கொண்டு வந்து நிற்கும்.

இதற்குப் பின்னே ஒரு கல்விக் கொள்கை உண்டு. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்பவர் பெங்களூர், சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு புதிய முறையைச் சோதித்தார். இலக்கண விதிகளை வரிசையாக நடத்தாமல், இரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற வேலைகளை மாணவர்க்கு ஆங்கிலத்தில் கொடுத்தார். கவனம் பொருளின் மீது இருக்கும்போது மொழியின் அமைப்பு தானே மனத்தில் படியும் என்பது அவர் கருத்து. 1987இல் நூலாக வந்த இக்கருத்து உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்களிடையே பேசப்பட்டது.

பாடநூல் போதவில்லையென்றால் எளிய ஆங்கில விக்கிப்பீடியா இருக்கிறது. சிறு வாக்கியங்களில், எளிய சொற்களில் எழுதப்படுவது. அதே தலைப்பைத் தமிழ் விக்கிப்பீடியாவில் படித்துவிட்டு அங்கே செல்லலாம். தம்பி தங்கையருக்கு 'ஸ்டோரிவீவர்' ஏற்றது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய தளம் இது. ஒரே படக்கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்கலாம்.

மறதியை வெல்லும் பெட்டி

1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று அளந்தார். கற்ற முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. இடைவெளிவிட்டுத் திரும்பப் படித்தால் மறதி மெதுவாகிறது. 1972இல் செபாஸ்டியன் லெய்ட்னர் இதை ஓர் அட்டைப்பெட்டி முறையாக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், சில நாள் கழித்தே திரும்பி வரும். தவறியது முதல் அறைக்கே வந்து நாளையே எதிரில் நிற்கும். 2006இல் வெளியான 'அங்கி' என்ற மென்பொருள் இந்தக் கணக்கைக் கைப்பேசியே பார்த்துக் கொள்ளும்படி செய்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இலவசம். நாளைக்குப் பத்துச் சொல் போதும். பிறர் செய்த அட்டைகளை இறக்காமல், பாடத்தில் நீங்களே கண்ட வாக்கியத்தோடு அட்டை செய்யுங்கள்.

கைப்பேசி கேட்கும் காது

பேசிப் பழக ஆள் இல்லை என்பது கிராமத்து மாணவரின் பழைய குறை. இதற்கும் ஒரு வழி உண்டு. கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சில் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்து கொண்டு, மேலாடையைக் குறிக்கும் 'கோட்' என்று தனியாகச் சொல்லுங்கள். பிறகு ஆட்டைச் சொல்லுங்கள். திரையில் என்ன எழுத்து விழுகிறது? கருவி உங்கள் குரலை நொடியில் நூற்றில் ஒரு பங்கு அளவான துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று அளக்கிறது. பின்னர் ஆயிரக்கணக்கானோர் குரலில் தான் கற்றவற்றோடு ஒப்பிட்டு, எது மிகப் பொருத்தமோ அதை எழுதுகிறது. முழு வாக்கியமாகப் பேசினால் அக்கம்பக்கச் சொற்களைக் கொண்டு ஊகித்து, உங்கள் பிழையை மறைத்துவிடும்; அதனால்தான் தனிச்சொல்லாகச் சொல்ல வேண்டும். அது தவறாக எழுதியதாலேயே நீங்கள் தவறாகச் சொன்னீர்கள் என்றும் ஆகாது. அது கேட்டுப் பழகிய குரல்களில் நம் வட்டாரக் குரல் குறைவாக இருக்கலாம். மூன்று முறை சொல்லிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

2022 இறுதியில் வந்த சாட்ஜிபிடி போன்ற உரையாடல் மென்பொருள்கள் நாம் எழுதிய வாக்கியத்தைத் திருத்தித் தருகின்றன. தமிழிலேயே விளக்கமும் கேட்கலாம். தவறானதையும் அதே உறுதியோடு சொல்லும் இயல்பு அவற்றுக்கு உண்டு. சந்தேகம் வந்தால் அகராதிக்குத் திரும்புங்கள்.

கேட்பதற்கு பி.பி.சி.யின் ஆங்கிலப் பாடத்தளம் நல்லது. வானொலி வழியே 1943இல் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. அதன் ஆறு நிமிட உரையாடல்களுக்கு எழுத்து வடிவமும் கிடைக்கும். முதலில் எழுத்தைப் பாராமல் ஒருமுறை கேளுங்கள், அடுத்து எழுத்தோடு, மூன்றாம் முறை மீண்டும் எழுத்தின்றி. மூன்றாம் முறை காதில் விழும் சொற்கள் உங்களுக்கே வியப்பளிக்கும். அமெரிக்கக் குரல் வானொலி, 1959 அக்டோபர் 19 முதல், 1500 சொற்களுக்குள் மெதுவாகப் படிக்கும் செய்திகளை ஒலிபரப்பி வந்தது. உலகெங்கும் பலர் அதைக் கேட்டே ஆங்கிலம் கற்றார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் ஆணையால் அந்த வானொலியின் பணியே முடங்கியது. இணையத்தில் இன்று இருப்பது நாளையும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பிடித்த ஒலிப்பதிவை, தளம் அனுமதித்தால், இறக்கி வைத்துக் கொள்வதே நல்லது.

இறக்குவதற்கு ஆகும் செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிந்த ஆறு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ 3 மெகாபைட் போதும். நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் ஓடும் அதே நீளக் காணொளிக்கு 45 மெகாபைட் வேண்டும். ஒரு பாடத்தைப் பார்க்கும் செலவில் பதினைந்து பாடங்களைக் கேட்டுவிடலாம். வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு உப்பளத்துக்குப் போய்விடுகிறது என்றால், அது இரவில் வீடு திரும்பியதும் நாலு ஒலிப்பதிவுகளை ஒரு நினைவு அட்டையில் ஏற்றி, பழைய பொத்தான் கைப்பேசி ஒன்றில் செருகிக் கொள்ளுங்கள். பாட்டுக் கேட்க வசதியுள்ள எந்தக் கைப்பேசியும் இதற்குப் போதும். இணைய இணைப்புகூட வேண்டியதில்லை.